வாவிப் பக்கத்துச் சுவர்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், மட்டக்களப்பிலிருந்து களுதாவளைக்குப் போகும் வழியில், உப்பு நீர் வாவியை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் இது நடந்தது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. இதில் வரும் மனிதர் இன்றும் அங்கேதான் இருக்கிறார், நானும் அங்கேதான் இருக்கிறேன். காசை மிச்சம் பிடிப்பதற்காக என் வீட்டுச் சுவர் ஒன்றுக்கு நான் பச்சைப் பெயின்ட் அடித்தேன். அதனால் அவருடைய உயிர் போகப் பார்த்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு நெல் மில்லில் அரிசி மூட்டைகளின் வாயைத் தைப்பது என் வேலை. கோணி ஊசியும் சணல் நூலும் கையில் இருந்தால் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிடுவேன். வேலையில் அவ்வளவு கவனம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உண்மையில் எனக்குக் கூச்சம். தெருவில் தெரிந்தவர் எதிரே வந்தால், என்ன சொல்வது என்று தெரியாமல் பக்கத்து ஒழுங்கையில் திரும்பிவிடுவேன்.

எங்கள் பக்கத்தில் வீடும் அது நிற்கிற வளவும் பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போவான். நானும் அப்படிப் போனவன். மனைவிக்கு அவளுடைய தாய் கொடுத்த பழைய வீடு சண்டையில் செல் குண்டு விழுந்து உடைந்துபோனது. அதைத் திருப்பிக் கட்டுவதற்காக வளவின் உறுதிப் பத்திரத்தை வங்கியில் ஈடு வைத்துக் கடன் எடுத்தோம். பத்து வருடத் தவணை. உறுதியைக் கொடுத்துவிட்டு வங்கிப் படியில் இறங்கும்போது மனைவி சொன்னாள், "இது என்ட உறுதி இல்ல, மகள்ட உறுதி. அவள் கலியாணம் முடிக்கிறதுக்குள்ள இது என்ட கைக்குத் திரும்பி வரணும்." அதற்குப் பிறகு மாதம் பிறந்தால் முதலில் தவணை, பிறகுதான் அரிசி.

ஆனாலும் வீடு என்றால் வீடு மாதிரி இருக்க வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். உள்ளே சுவர் பூசக் காசு போதவில்லை. வாவிக் கரையில் வெட்டிய பன் புல்லைக் காயவைத்து, சாயம் போட்டு, பாயாக இழைத்து, பூசாத சுவர்களில் தொங்கவிட்டாள். தரைக்குச் சீமெந்தோடு சிவப்புத் தூள் கலந்து போட்டிருந்தோம். சனிக்கிழமைதோறும் தேங்காய்ப் பொச்சால் அவள் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் குனிந்தால் முகம் தெரிந்தது. ஜன்னல் திரைகள் கோதுமை மாப் பைகள். மில்லுக்குப் பக்கத்துப் பேக்கரியில் எட்டுப் பை கேட்டு வாங்கினாள். கேட்டது அவள், நான் இல்லை. பைகளில் அடித்திருந்த நீல எழுத்துகள் போகும்வரை சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து, வாவிக் கரைப் புல்லில் விரித்து, வெயிலில் காயவைத்துத் திரும்பத் திரும்பத் துவைத்தாள். கொக்கைப் போல் வெளுத்தன. ஓரங்களில் சின்னச் சின்னப் பூக்கள் தைத்தாள்.

அந்த வருடம் மாசி மாதத்தில் எங்கள் மகள் பெரிய பிள்ளையானாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சடங்கு என்று நாள் வைத்தோம். பழுகாமத்திலிருந்து மனைவியின் தமையன் குடும்பம் வரும், இன்னும் சொந்தக்காரர் வருவார்கள். வீட்டின் வெளிச்சுவர்கள் மழையில் கறுத்துப்போயிருந்தன. மூன்று சுவர்களுக்கு நான் சுண்ணாம்பு அடித்தேன். மிஞ்சியது மேற்குச் சுவர். அது வாவியைப் பார்த்த சுவர். மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்புக் காற்றுப் பட்டு, அந்தச் சுவரில் மட்டும் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். வருடா வருடம் அதற்கே இரண்டு தரம் சுண்ணாம்பு வாங்க வேண்டும். ஒரு தரம் எண்ணெய்ப் பெயின்ட் அடித்தால் பல வருடத்துக்கு அந்தச் செலவு இல்லை என்று கணக்குப் பார்த்தேன்.

மில் முதலாளி சொல்லிவிட்டதன் பேரில் முஸ்லிம்களின் ஊரான காத்தான்குடியில் ஒரு கடைக்குப் போனேன். தமிழர், முஸ்லிம் இரண்டு சமூகத்துக்கும் நடுவில் மனக்கசப்பு ஆறாத காலம். நான் கடை வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். கடைக்காரர்தான், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், முதலில் பேசினார்.

"தம்பி, மில்லுக்காரரு அனுப்பின ஆளா? இந்தா, வெளிநாட்டால வந்த ஒரு பொடியன்ட ஊட்டுக்கு அடிச்ச மிச்சம். இதில அரை டின் நீலம், இதில அரை டின் மஞ்சள். தனித்தனியா அடிச்சா ஒண்டுக்கும் காணாது."

"ரெண்டையும் கலந்தா?" என்று கேட்டேன். நான் அன்று கடையில் பேசியது அவ்வளவுதான்.

"கலந்தா பச்ச. இப்ப அரும்புற மாவிலை மாதிரி இல்ல, நல்ல முத்தின தென்னோலைப் பச்ச வரும். ஒரு செவருக்குத் தாராளம். காசு? நீங்க தாறதத் தாங்க தம்பி, டின்னுக்குள்ள காய்ஞ்சி போறத விட ஒரு ஊட்டுல இரிக்கட்டும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவிக்கு அந்தப் பெயின்ட் தெருப் பக்கத்துச் சுவருக்கு வேண்டும். "வாற ஆக்கள் முன்பக்கத்தயெல்லோ பாப்பாங்க. வாவிப் பக்கத்த ஆரு பாக்கப் போறா, வாவிக்குள்ள கிடக்கிற மீனா பாக்கும்?" என்றாள். நான் சுண்ணாம்புச் செலவைச் சொல்லி விளங்கப்படுத்தினேன். தவணை என்றதும் அவள் அடங்கிவிட்டாள். ஒருவரும் பார்க்காத சுவர் என்பதும் எனக்குப் பிடித்திருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

இரண்டு நாள் பொழுதுபட நின்று அடித்தேன். முதல் நாள் கரையால் விறகு சுமந்து வந்த ஒரு பெண் என் வேலிக்கு அப்பால் நின்றாள். நாலு வளவு தள்ளிக் குடியிருக்கும் தோணிக்காரர் ஒருவரின் மனைவி அவள். சுவரைப் பார்த்தாள். "அண்ணே, இந்தப் பக்கத்துக்கா பச்ச அடிக்கிறீங்க?" என்று கேட்டாள். மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பெண்பிள்ளை ஒருத்தி கேட்டதும் எனக்குக் கூச்சமாகப் போயிற்று. காது கேட்காதவன் போலத் தூரிகையை டின்னுக்குள் விட்டுக் கலக்கிக்கொண்டு நின்றேன். அவள் விறகுக் கட்டைச் சரி செய்துகொண்டு போய்விட்டாள்.

அவளுடைய புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். விடியப்புறம் அவருடைய தோணி தெற்கேயிருந்து கரையோரமாக வரும். என் வீட்டுக்கு நேரே வந்ததும் திரும்பிவிடும். வெளிச்சம் வந்த பிறகு வரும் நாட்களில், கிணற்றடியில் நிற்கும் என்னைப் பார்த்துக் கையைத் தூக்குவார். நான் வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எத்தனையோ வருடம் இப்படி. அவர் ஏன் சரியாக என் வீட்டுக்கு நேரே திரும்புகிறார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்த நாட்களில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை போராளி இயக்கத்தின் கையில் இருந்தது. எங்கள் எழுவான்கரை அரசுப் படையினரின் கையில். என் வீட்டுக்கு வடக்கே, வாவிக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு முனையில் அவர்களுடைய முகாமும் சென்றி என்கிற காவலரணும் இருந்தன. எங்கள் கரையில் மீன்பிடிக்கப் படையினர் கொடுத்த பாஸ் இருந்தது மூன்று தோணிக்குத்தான். நான் சுவருக்குப் பெயின்ட் அடித்த வாரத்தில் மூன்று பேரும் ஊரில் இல்லை. படுவான்கரை வயல் வட்டைகளில் அறுவடை. நெல் வெட்டுக்குப் போயிருந்தார்கள். இவர்தான் முதலில் திரும்பி வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை பொழுதுபட வந்து, புதன்கிழமை விடியத் தோணியை இறக்கினார்.

அன்று நல்ல பனி. நான் கிணற்றடியில் நின்றேன். துடுப்புச் சத்தம் தெற்கேயிருந்து வந்தது. வழக்கமாகத் திரும்பும் இடத்தில் அது திரும்பவில்லை. என்னைக் கடந்து வடக்கே போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது வித்தியாசமாகத்தான் பட்டது. சத்தம் போட்டு ஒரு தரம் கூப்பிட்டிருக்கலாம். பனிக்குள் தெரியாத ஒருவரை என்னவென்று கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அந்த யோசனை முடிவதற்குள் வெடிச் சத்தம் கேட்டது. மூன்றோ நாலோ. பிறகு ஆட்கள் கத்தும் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

ஒரு வெடி தோணியைத் துளைத்ததாம். அவர் தண்ணீருக்குள் குதித்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாராம். முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவருடைய பாஸ் புத்தகத்தில் இரண்டு வாரம் படுவான்கரையில் நின்றதாகப் பதிந்திருக்கிறது. வந்த மறுநாள் விடியவே, முகாம் பக்கம் தோணி போகக்கூடாத எல்லையைத் தாண்டியிருக்கிறார். அந்தக் காலத்தில் இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு மனிதன் வீட்டுக்குத் திரும்பி வருவான் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

ஒன்பது மணி போல அவருடைய மனைவி எங்கள் வளவுக்கு வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. நேரே வாவிப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் மனைவியும் போனோம்.

"அண்ணே, எங்கட ஆள் இந்தச் செவரத்தான் குறி பாத்துப் போறவரு," என்றாள். "வெள்ளச் செவருக்கு நேர வந்தாத் தோணியத் திருப்பணும். அங்கால போனாச் சுடுவாங்க. மங்கலுக்குள்ள மரமெல்லாம் ஒரே கறுப்பாத்தான் தெரியுமாம், இது மட்டும்தான் வெள்ளயாத் தெரியுமாம்."

மனைவி திரும்பி வடக்கே முனையைப் பார்த்தாள்.

"ராத்திரி அரிசியோட வந்தாரு. பிள்ளையளுக்கு வயிறாரச் சோறு காய்ச்சிக் குடுத்த சந்தோசத்தில, செவரப் பத்திச் சொல்ல நான் மறந்து போனன்," என்றாள்.

அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள். திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவள் அங்கிருந்து நேரே முகாம் வாசலுக்குப் போய், ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தாள். அன்று முழுக்க அங்கேதான் இருந்தாள். மறுநாளும் இருந்தாள்.

நான் அந்த இரண்டு நாளும் மில்லுக்குப் போனேன். இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். மூட்டைகளைத் தைத்தேன். முகாமுக்குப் போய்ச் சொன்னால் என்னையும் பிடித்து வைப்பார்கள், ஞாயிறு மகளின் சடங்கு, மாதம் பிறந்தால் தவணை, நான் இல்லாவிட்டால் உறுதி என்ன ஆகும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். அவை எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது அந்தப் பழைய கூச்சம். ஒரு வாசலில் போய் நின்று, முன்பின் தெரியாதவர்களிடம், இது என் பிழை என்று சொல்வதை நினைத்ததும் அடுத்த மூட்டையை இழுத்துத் தைக்கத் தொடங்கிவிடுவேன்.

வியாழன் மாலை மனைவி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இஞ்சாருங்க. நாளைக்குப் போய்ச் சொல்லுங்க."

"ஆருட்டச் சொல்லுற? அவங்கட சிங்களப் பாசை எனக்குத் தெரியாதே."

"நம்மட பாசையிலயே நீங்க பேசுறதில்ல, மறுகா அவங்கட பாசை தெரிஞ்சா மட்டும் என்ன?" என்றாள். எனக்குத் தலை குனிந்தது. அவள் குரலை இறக்கிச் சொன்னாள், "பேச ஏலாட்டி டின்னக் காட்டுங்க. ஒரு ஆள்ட உசிரு அந்த டின்னுக்குள்ள கிடக்கு. அதக் கொண்டு போய்க் காட்டுங்க, போதும்."

வெள்ளி காலையில் அடியில் கொஞ்சம் பச்சை ஒட்டியிருந்த டின்னையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு போனேன். வேப்ப மரத்தடியில் இருந்த அந்தப் பெண் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். நான் அவளைக் கடந்து நேரே வாசலுக்குப் போனேன். வாசலில் நின்றவன் துவக்கை நீட்டி டின்னைக் கீழே வைக்கச் சொன்னான். வைத்தேன். குண்டு என்று நினைத்திருப்பான். கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு சார்ஜன் வந்தார். வயதானவர்.

"மொகத?" என்றார். பிறகு தமிழில், "இது என்ன?" என்று கேட்டார்.

நான் டின்னைக் காட்டினேன். வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். பிடித்து வைத்திருக்கும் தோணிக்காரரைச் சொல்ல, துடுப்புப் போடுகிற மாதிரி கையை அசைத்தேன். தமிழ் தெரிந்தவரிடம் தமிழில்கூட எனக்குச் சொல்ல வரவில்லை. அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்துத் திரும்பப் போனார். போகிற போக்கில் வாசலில் நின்றவனிடம் ஏதோ சொன்னார். அதில் "சுது கெதர" என்ற சொற்கள் என் காதில் விழுந்தன.

மில்லுக்கு வரும் சிங்கள லொறிக்காரர்கள் வெள்ளை அரிசியைச் "சுது ஹால்" என்றுதான் கேட்பார்கள். சுது என்றால் வெள்ளை. கெதர என்றால் வீடு என்பதும் தெரியும். வெள்ளை வீடு. தோணிக்காரர்களுக்கு மட்டும் இல்லை, இவர்களுக்கும் என் சுவர்தான் எல்லை என்று அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கியது.

"சுது கெதர மகே," என்று கத்தினேன். வெள்ளை வீடு என்னுடையது என்று அர்த்தம். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய சத்தம் நான் போட்டதில்லை. மார்பில் அடித்துக் காட்டினேன். பிறகு கையை டின்னுக்குள் விட்டு, விரலில் ஒட்டிய பச்சையைத் தூக்கிக் காட்டினேன். அதற்குப் பிறகு தமிழ் தானாக வந்தது. "ஐயா, நான்தான் பச்ச அடிச்சன். அந்த ஆளுக்கு அது தெரியாது. இது என்ட பிழை."

சார்ஜன் டின்னை எடுத்துக்கொண்டு என்னையும் வரச் சொன்னார். சென்றிக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே ஒரு பலகையில் கரையை வரைந்திருந்தார்கள். கோயில், பனை, ஒரு வீடு. அந்த வீட்டிலிருந்து வாவிக்குள் ஒரு சிவப்புக் கோடு. அங்கே காவலுக்கு நின்ற பொடியனிடம் அந்த வீட்டைக் காட்டச் சொன்னார். அவன் கரையைப் பார்த்தான். தூரக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தான். கை தூக்கியபடியே நின்றது, ஒரு இடத்தையும் காட்டவில்லை. சார்ஜன் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். பிறகு போய் அதிகாரியைக் கூட்டிவந்தார். அவரும் நெடுநேரம் பார்த்தார்.

தோணிக்காரரைக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. நிற்க முடியாமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த மூன்று நாளைப் பற்றி அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதிகாரி கேட்டதைச் சார்ஜன் தன் தமிழில் கேட்டார், "வெள்ள வீடு இல்ல எண்டு நீ ஏன் சொல்லல்ல?"

அவர் என்னைப் பார்த்தார். என் விரலில் இருந்த பச்சையைப் பார்த்தார். "பனி, ஐயா," என்றார்.

"மூணு நாள் இதுதான்," என்று சார்ஜன் என் பக்கம் திரும்பிச் சொன்னார். "பனி, பனி. வேற ஒண்டும் இல்ல."

அதிகாரி என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். மாலை ஆறு மணிக்கு முன்னால் சென்றியிலிருந்து பார்த்தால் அந்தச் சுவர் வெள்ளையாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் இந்த ஆள் வீட்டுக்குப் போகலாம். தெரியாவிட்டால் இரண்டு பேரையும் விசாரணைக்கு நகரத்துப் பெரிய முகாமுக்கு அனுப்புவார்கள். இதுதான் அவர் சொன்னது.

வீட்டுக்கு ஓடினேன். வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி அடித்தேன். நிற்கவில்லை. எண்ணெய்ப் பெயின்டின் மேல் சுண்ணாம்பு பால் போல வழிந்து மண்ணில் இறங்கியது. கஞ்சி கலந்து பார்த்தேன். உப்புப் போட்டுப் பார்த்தேன். சுரண்ட வேண்டும், சுரண்டினால் இரண்டு நாள் பிடிக்கும். வெள்ளைப் பெயின்ட் வாங்கலாம் என்றால் காத்தான்குடிக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி. என் அடையாள அட்டை முகாமில். மதியம் ஒரு மணி தாண்டிவிட்டது. வழிந்த சுண்ணாம்புக்குள் நான் குந்திவிட்டேன்.

மனைவி சுவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். உடனே வீட்டுக்குள் போனாள். கம்பியில் இருந்து ஜன்னல் திரைகளை இழுக்கும் சத்தம் கேட்டது. எட்டு மாப் பைகளையும் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"மூட்ட தைக்கிற மனிசன்தானே. தையுங்க," என்றாள்.

எட்டும் போதாது. சடங்கு வீட்டில் பந்தலின் கீழ், பிள்ளையின் தலைக்கு மேலே வெள்ளை கட்டுவது எங்கள் வழக்கம். அந்தத் துணிகளை வெளுத்துக் கொண்டுவந்து கட்டுபவரைக் கட்டாடியார் என்போம். ஞாயிறுக்கான வெள்ளைகள் அவர் வீட்டில் மடித்தபடி இருந்தன. மனைவி போய் என்ன சொன்னாளோ, அவர் பொதியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தானே வந்துவிட்டார். சடங்குத் துணியைச் சுவரில் தொங்கவிடப் போகிறோம் என்று சொல்ல எனக்கு வாய் கூசியது. அவர் பொதியை அவிழ்த்து, "எவடத்தில இருந்து தைக்கிறீங்க, ஒரு தலைப்ப நான் பிடிக்கிறன்," என்று மட்டும் சொன்னார்.

முற்றத்து மண்ணில் துணிகளை விரித்து, கோணி ஊசியால் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தேன். மில்லில் ஒரு நாளைக்கு முந்நூறு மூட்டை தைத்திருக்கிறேன். அன்று போல என் கை ஓடியதில்லை. அக்கம் பக்கத்துப் பெண்கள் வந்து ஓரங்களைப் பிடித்தார்கள். மகள் தனித்திருந்த அறையின் ஜன்னலில் இப்போது திரை இல்லை. அவள் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணி தாண்டியபோது அதைச் சுவரின் மேல் விளிம்பில் ஆணியடித்துத் தொங்கவிட்டோம். காற்றில் எழும்பாமல் இருக்கக் கீழே வலைக் கல் கட்டினோம். பிறகு எல்லோரும் முற்றத்தில் நின்று முனையைப் பார்த்தோம். அங்கே இருந்து யார் பார்க்கிறார்கள், என்ன நினைக்கிறார்கள் என்று இங்கே இருந்து தெரியாது. காத்திருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது.

பொழுது வாவிக்குள் இறங்கும் நேரத்தில் கரையால் அவர் வந்தார். அவருடைய மனைவி அவரது ஒரு கையைத் தன் தோளில் போட்டிருந்தாள். என் அடையாள அட்டையை அவரிடமே கொடுத்து அனுப்பியிருந்தார்கள். என் வேலியருகே நின்று சுவரைப் பார்த்தார். மாலை வெயிலில் அந்தத் துணி கண் கூசும்படி இருந்தது.

"இப்ப நல்லாத் தெரியுது அண்ணே," என்றார்.

நான் அவர் அருகே போனேன். யோசிக்காமலே என் வாயில் கேள்வி வந்துவிட்டது. "ஏன் தம்பி நீங்க செவரச் சொல்லல்ல? சொல்லியிருந்தா அண்டைக்கே விட்டிருப்பாங்களே."

"பிடிச்சிக் கொண்டு போகக்குள்ள பனி விலகிச்சு, பச்சச் செவரக் கண்டன். சொல்லியிருந்தா என்னய விட்டிருப்பாங்க. ஒங்களத் தூக்கியிருப்பாங்க. ஆர் சொல்லி அடையாளத்த மாத்தின எண்டு கேப்பாங்க." வீங்கிய உதட்டோடு அவருக்குச் சிரிக்க முடியவில்லை, ஆனாலும் சிரிக்கப் பார்த்தார். "நீங்க கடையில தீப்பெட்டி கேக்கவே நாலு ஆள் போகுமட்டும் காத்து நிக்கிற மனிசன். அவங்கட கேள்விக்கு நீங்க என்னத்தச் சொல்லுவீங்க அண்ணே? எனக்கெண்டாப் பனி எண்டு சொல்ல ஏலும்."

நான் கை தூக்காத அத்தனை விடியலிலும் அவர் என்னைப் பார்த்துத்தான் இருந்திருக்கிறார். என் கூச்சம் அவருக்குத் தெரியும். அந்தக் கூச்சத்துக்காகத்தான் அவர் மூன்று நாள் அடி வாங்கினார். அதே மூன்று நாளில் இரண்டு நாளை நான் மூட்டை தைத்துக்கொண்டு கழித்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் சுவரைச் சுரண்டத் தொடங்கினோம். கத்தியாலும் சிரட்டையாலும் சுரண்டி, வாவி மணலைப் பொச்சில் தொட்டுத் தேய்த்தோம். நெல் வெட்டு முடிந்து திரும்பி வந்த மற்ற இரண்டு தோணிக்காரரும் வந்து நின்றார்கள். அந்தி நேரத்துக்குள் சுண்ணாம்பு பிடிக்கிற அளவுக்குச் சுவர் வந்துவிட்டது, சுண்ணாம்பும் அடித்து முடித்தோம். தைத்த துணியைப் பிரித்துக் கட்டாடியாரிடம் கொடுத்தேன். எல்லாத் துணியிலும் கோணி ஊசியின் துளைகள். இப்படித் துளை விழுந்த வெள்ளையைச் சடங்குக்குக் கட்டலாமா என்று நானே வாய் திறந்து கேட்டேன். "கட்டுவம்," என்றார் அவர். ஞாயிறு காலை அந்த வெள்ளையின் கீழ்தான் என் மகளை இருத்தினார்கள். துளைகளால் இறங்கிய வெயில் அவளுடைய தலையிலும் தோளிலும் பொட்டுப் பொட்டாக விழுந்தது. தோணிக்காரரின் மனைவி முதல் வரிசையில் இருந்தாள். அவர் ஒரு பாயில் சாய்ந்து கிடந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடது காதில் அவருக்கு அதற்குப் பிறகு சரியாகக் கேட்பதில்லை. நான் அவரோடு பேசும்போது வலப் பக்கம் போய் இருந்துதான் பேசுவேன். ஆமாம், இப்போது பேசுவேன்.

கடன் சொன்ன காலத்துக்கு ஒரு வருடம் பிந்தித்தான் முடிந்தது. உறுதி மனைவியின் கைக்கு வந்து, பிறகு மகளின் பெயருக்குப் போனது. மருமகன் நல்ல பிள்ளை. உள்ளே பூச்சுப் பூசி, தரைக்கு மாபிள் போட்டு, வெளியே மூன்று பக்கமும் விருப்பமான நிறம் அடித்திருக்கிறார். வாவிப் பக்கத்தை மட்டும் என்னிடம் விட்டுவிடச் சொன்னேன். சண்டை முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. முனையில் சென்றி இல்லை. தோணிகள் விரும்பிய தூரம் போகின்றன, அந்தச் சுவரை இப்போது யாரும் குறி பார்ப்பதில்லை. ஆனாலும் மாசி பிறந்தால் நான் சுண்ணாம்பு கரைக்கிறேன். கச்சான் காற்று உரிப்பதை அடுத்த மாசியில் திரும்ப அடிக்கிறேன்.

உறுதியில் எங்கள் வளவின் நாலு எல்லையும் எழுதியிருக்கிறது, எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் ஒரு சுவரின் உட்பக்கம்தான் வீட்டுக்காரனுடையது, வெளிப்பக்கம் அதைப் பார்த்து வழி அறிகிறவர்களுடையது என்பதை, ஒரு மனிதன் எனக்காகப் பனியைச் சொல்லி அடி வாங்கிய பிறகுதான் நான் படித்தேன்.